வெட்டுக்கத்தி வாங்குதலும் பரீக்ஷித்தலும்

உழவுமாடு வாங்கப் புறப்படும் குடியானவர் பல்லைப் பிடித்துப் பார்க்கிறார், சுழி பார்க்கிறார், நாலடி நடத்தியும் பார்க்கிறார். அதே குடியானவர் சந்தையில் வெட்டுக்கத்தி வாங்கும்போது அலகின் பளபளப்பையும் விலையையும் தவிர வேறொன்றையும் கவனிப்பதில்லை. இதனால் விளையும் நஷ்டம் சிறிதன்று. அலகு மிருதுவாயிருந்தால் முதல் வேலங்கிளையிலேயே வாய் மடிந்துவிடும். அளவுக்கு மீறிக் கடினமாயிருந்தால் வாய் உதிர்ந்து, அத்துண்டு வெட்டுகிறவனுடைய கண்ணில் தெறிக்கக்கூடும். பிடி தளர்ந்திருந்தால் ஓங்கிய கையிலிருந்து அலகு கழன்று, பக்கத்தில் நிற்பவன்மேல் பாயும். கூலியாளுக்குக் கண்ணோ விரலோ போனபின், கத்தியில் மிச்சம் பிடித்த பணத்தால் என்ன பிரயோஜனம்?

விலையும் செலவும்

விலை குறைந்த கத்தி எல்லாம் கெட்டதுமன்று. விலை உயர்ந்தது எல்லாம் நல்லதுமன்று. 200 ரூபாய்க் கத்தி ஓராண்டிலும், 450 ரூபாய்க் கத்தி ஐந்தாண்டிலும் தேய்ந்துபோவதாக வைத்துக்கொள்வோம். ஐந்தாண்டில் முன்னதற்கு 1,000 ரூபாய் செலவு. பின்னதற்கு 450 ரூபாயே. மேலும், வாய் நில்லாத கத்தியைத் தீட்டுவதில் ஓர் ஆள் தினம் கால்மணி நேரத்தை அதிகமாகக் கழித்தால், 32 நாளில் எட்டு மணி நேரம், அதாவது ஒரு முழு நாள் வேலை, வீணாகிறது.

இரும்பின் தன்மை

கத்திக்கு உரியது உருக்கேயன்றிச் சாதாரண இரும்பன்று. இரும்பில் கலந்துள்ள கரியின் அளவே அதன் கடினத்துக்குக் காரணம். கட்டட வேலைக்கு வரும் மிருதுவான பட்டை இரும்பில் கரி பெரும்பாலும் நூற்றுக்குக் கால் பங்குக்கு மேற்படாது. அதை எத்தனை முறை காய்ச்சித் தோய்த்தாலும் வாய் நிற்காது. லாரிகளில் கழித்த வில்பட்டைகளில் கரி நூற்றுக்குச் சுமார் அரைப் பங்கு முதல் 0.6 பங்கு வரை இருப்பதால், கொல்லர்கள் பலர் அவற்றையே விரும்புகின்றனர். இது நல்ல வழக்கமே. ஆயினும் பழைய பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாமாகையால், விரிசல் உள்ள பாகத்தை நீக்கியே அடிக்கச் சொல்லவேண்டும்.

உருக்கு நல்லதாயிருந்தாலும் தோய்ச்சல் சரியில்லாவிடில் பயனில்லை. அலகைச் செந்நிறம் வரும்வரை காய்ச்சி, எண்ணெயிலோ நீரிலோ தோய்த்தால் அது கண்ணாடியைப் போல் கடினமாகிறது. அந்நிலையில் உபயோகித்தால் உடையும். ஆகவே மறுபடியும் மிதமாகச் சுடவைத்து, வைக்கோல் நிறமோ பழுப்பு நிறமோ படரும்போது ஆறவிடவேண்டும். வெட்டும் வாய் கடினமாகவும், முதுகு சற்று மிருதுவாகவும் அமைவதே உத்தமம். சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி அரிவாளுக்குப் பெயர் பெற்ற ஊர். எனினும், ஊரின் பெயரைச் சொல்லி விற்பதனாலேயே ஒரு கத்தி நல்லதாகிவிடாது. ஒவ்வொன்றையும் தனித்தனியே பரீக்ஷிப்பது அவசியம்.

கடையிலேயே செய்யத்தக்க பரீக்ஷைகள்

முதலாவது, கத்தியை நீட்டிப் பிடித்து ஒரு கண்ணை மூடி, முதுகின் வழியே நோக்கவேண்டும். கோணல் இருந்தால் தெரிந்துவிடும்.

இரண்டாவது, பிடியைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டு, அலகை ஒரு சிறு இரும்பினால் தட்டவேண்டும். கணீரென்ற ஓசை நீடித்தால் நலம். ஓசை மழுங்கினால் அலகில் விரிசலோ, பிடியில் தளர்ச்சியோ உண்டென்று சந்தேகிக்கவேண்டும்.

மூன்றாவது, பிடியை ஆராயவேண்டும். கருவேலம், வாகை, புளி முதலிய கெட்டி மரங்கள் ஏற்றவை. காம்பு பிடிக்குள் பாதிக்கு மேல் இறங்கியிருக்கவேண்டும். இதை விற்பவரிடம் கேட்டறிக. பிடியின் வாயில் இரும்புப் பூணோ பித்தளைப் பூணோ இறுக்கமாக இருக்கவேண்டும். பூண் இல்லாத பிடி நாளடைவில் பிளந்துபோகும். கையை நனைத்துப் பிடித்துப் பார்த்து, வழுக்கும் பிடியை விலக்குக.

வீட்டில் செய்யத்தக்க பரீக்ஷைகள்

இவை சரிப்படாவிடில் கத்தியைத் திருப்பித் தருவதாக முன்னதாகவே பேசிக்கொள்வது நலம்.

அரப் பரீக்ஷை: நல்ல அரத்தை வாயின் அடி, நடு, முனை ஆகிய மூன்று இடங்களிலும் மெதுவாக இழுக்கவேண்டும். அரம் இலேசாக மட்டும் பற்றினால் தோய்ச்சல் சரி. மண்ணில் இழுப்பதுபோல் எளிதாகத் தின்றால் அலகு மிருது. சற்றும் பற்றாமல் வழுக்கினால் அளவுக்கு மீறிய கடினம். மூன்று இடங்களிலும் ஒரே விதமாயிருப்பது முக்கியம்.

கம்பிப் பரீக்ஷை: ஒரு பித்தளைக் கம்பியைப் பலகையில் பதித்து, தீட்டிய வாயை அதன்மேல் சாய்வாக வைத்துச் சிறிது அழுத்தவேண்டும். வாய் சற்று வளைந்து பழைய நிலைக்கு மீண்டால் உத்தமம். வளைந்தபடியே நின்றால் மிருது. பொடிந்தால் கடினம் மிகுதி.

வெட்டுப் பரீக்ஷை: காய்ந்த மூங்கிலையோ வேலங்கிளையையோ முப்பது வெட்டு வெட்டி, வாயை வெயிலில் திருப்பிப் பார்க்கவேண்டும். கூரிய வாய் ஒளியைத் திருப்பாது. வெண்மையாக மின்னும் இடங்கள் மழுங்கியவை அல்லது மடிந்தவை. அதன்பின் ஒரு வைக்கோல் தாளை இழுத்து அறுக்க, அது நசுங்காமல் அறுபட்டால் கத்தி தேறியது. பிடியையும் மறுபடி அசைத்துப் பார்க்க. இப்பரீக்ஷையின்போது எதிரிலும் பக்கத்திலும் ஒருவரையும் நிற்கவிடலாகாது.

தேறாத கத்தியெல்லாம் வீணன்று. வாய் பொடிவதாயின் கொல்லர் மீண்டும் மிதமாகச் சுடவைத்துச் சரிப்படுத்தலாம். உருக்கு நல்லதாயிருந்து வாய் மடிவதாயின் மறுபடி தோய்க்கலாம். சாதாரண இரும்பில் செய்ததை மட்டுமே கழிக்கவேண்டும்.

காப்பாற்றும் முறை

சாணைச் சக்கரத்தில் நெடுநேரம் பிடித்தால் வாய் நீலநிறமாகி, தோய்ச்சல் கெட்டுவிடும். அடிக்கடி நீரில் நனைத்துத் தீட்டவேண்டும்; தீட்டுக்கல்லே மேலானது. கழன்ற பிடியை எரிப்பதற்காக அலகை அடுப்பில் போடுவதும் இதே காரணத்தால் தவறு. வேலை முடிந்ததும் பாலையும் சாற்றையும் துடைத்து, ஈரம் போக்கி, எண்ணெய் தடவி, உறையிலிட்டுக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவேண்டும். காயம் ஏற்பட்டால் மண், சாணம், சுண்ணாம்பு முதலியன அப்பாமல், சுத்தமான துணியால் அழுத்திக் கட்டி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்று, ஜன்னி தடுப்பு ஊசியைப் பற்றியும் கேட்டறியவேண்டும்.

கிராம அதிகாரிகள் கவனத்துக்கு

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், வீட்டு உபயோகத்துக்கோ விவசாயத்துக்கோ மாத்திரம் அமைந்த சாதனங்களை ஆயுதம் என்ற சொல்லின் பொருளிலிருந்து விலக்கியிருக்கிறது. ஆயினும் வேலைக்கருவி வேலை நடக்கும் இடத்தில் இருப்பதே முறை. சந்தைக்கும் திருவிழாவுக்கும் அதை எடுத்துச் செல்லலாகாதென்று மிராசுதாரர்கள் தம் ஆட்களுக்குச் சொல்லிவைப்பதும், கிராம அதிகாரிகள் அதை வற்புறுத்துவதும் நலம்.

அடுத்த சந்தைக்குச் செல்லும் குடியானவர் ஓர் அரத்தை மடியில் கட்டிக்கொண்டு போவாராக. மாட்டைச் சோதிக்கும் கண் கத்தியின்மீதும் விழுமாயின், பணமும் மிச்சமாகும். வேலையாளின் கையும் தப்பும்.