தைப் பட்டப் பயறுக்கு மீன் அமிலம்: விதைக்கும் அன்றே ஊறப் போடுங்கள்

தை பிறந்துவிட்டது. சம்பாவும் தாளடியும் கதிர் முற்றி நிற்கும் டெல்டா வயல்களில் உளுந்தும் பச்சைப்பயறும் தெளிக்க வேண்டிய வாரங்கள் இவை. நாகப்பட்டினம், பழையாறு, காரைக்கால் துறைமுகங்களிலும் அவற்றையொட்டிய மீன் சந்தைகளிலும் தலை, குடல், செவுள், செதில் என்று கழிவு இப்போது தாராளமாகக் கிடைக்கும். ஏப்ரல் 15-ல் தடைக்காலம் தொடங்கிவிட்டால் 61 நாளுக்கு விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, கழிவும் அருகிவிடும். எனவே மீன் அமிலத்துக்குக் கழிவைச் சேகரிக்க வேண்டிய நேரம் இதுதான்.

தரிசுப் பயறுக்கு ஏன் பொருந்தும்?

அறுவடைக்கு 7 முதல் 10 நாள் முன்பு, மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது, நிற்கும் நெல்லுக்குள்ளேயே விதைக்கிறோம். உழவு இல்லை, அடியுரம் இல்லை, பாசனமும் இல்லை. மண்ணில் மிஞ்சிய ஈரமும் பனியும்தான் பயிரைக் காக்கின்றன. மண்ணில் உரம் வைக்க வழியில்லாத இந்தப் பயிருக்கு இலைவழி ஊட்டமே கைகொடுக்கும். மீன் கழிவை வெல்லத்தோடு நொதிக்க வைத்து எடுக்கும் கரைசலே மீன் அமிலம். நொதிக்க 21 முதல் 25 நாள் ஆகும். பயறு 35-ஆம் நாள் வாக்கில் பூவெடுக்கும். விதைக்கும் அன்றே ஊறப் போட்டால் பூவுக்கு முன் கரைசல் தயாராகிவிடும்.

விதைக்கும் முன்

ஏக்கருக்கு 10 கிலோ விதை போதும். ரைசோபியம், பாஸ்போபாக்டீரியா தலா ஒரு பாக்கெட்டை (200 கிராம்) ஆறிய அரிசிக் கஞ்சியில் குழைத்து, விதையுடன் கலந்து, அரை மணி நேரம் நிழலில் உலர்த்தித் தெளியுங்கள். காற்றின் தழைச்சத்தைப் பயிருக்குப் பிடித்துத் தருவது இந்த ரைசோபியம்தான். மீன் அமிலம் அதற்குத் துணையே தவிர மாற்று அல்ல.

தயாரிக்கும் முறை

ஏக்கருக்கு இரண்டு தெளிப்புக்கு 5 கிலோ கழிவும் 5 கிலோ வெல்லமும் போதும். புதுக் கழிவாக வாங்கி, கடல் உப்புப் போக நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசுங்கள். கருவாட்டுக் கழிவு வேண்டவே வேண்டாம். அதிலுள்ள உப்பைப் பயறு தாங்காது. கழிவைச் சிறு துண்டுகளாக நறுக்கி, பொடித்த வெல்லத்துடன் பிசைந்து, பிளாஸ்டிக் டிரம்மில் முக்கால் பாகம் வரை நிரப்புங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம். வாயைத் துணியால் இறுக்கிக் கட்டி, நாயும் பூனையும் எட்டாத நிழலில் வையுங்கள்.

முதல் சில நாள் நாற்றம் இருக்கும். சரியாக நொதித்தால் அது மாறி, பழவாடை வரும். தேன் போன்ற கரைசல் பிரிந்து நிற்கும். 21 நாள் கழிந்தும் அழுகல் நாற்றம் போகவில்லை என்றால் வெல்லம் குறைந்துவிட்டது என்று பொருள். இன்னும் கொஞ்சம் வெல்லம் சேர்த்து ஒரு வாரம் விடுங்கள். பிறகு துணியை இரண்டாக மடித்து வடிகட்டுங்கள். இல்லாவிட்டால் தெளிப்பான் முனை அடைத்துக்கொள்ளும்.

எப்போது, எவ்வளவு?

25-ஆம் நாள் வாக்கில் முதல் தெளிப்பு: 10 லிட்டர் டேங்குக்கு 50 மி.லி.
பிஞ்சு பிடிக்கும்போது இரண்டாம் தெளிப்பு: 10 லிட்டர் டேங்குக்கு 100 மி.லி.

ஏக்கருக்கு 200 லிட்டர் கரைசல் தேவைப்படும். மாலை 4 மணிக்கு மேல் தெளியுங்கள். அளவைக் கூட்டாதீர்கள். தழைச்சத்து மிஞ்சினால் செடி கொழுத்து வளருமே தவிர காய்க்காது. சாறுறிஞ்சும் பூச்சியும் தேடி வரும்.

பூக்கும்போதும், அதிலிருந்து 15 நாள் கழித்தும் 2 சதவீத டிஏபி தெளித்து வருபவர்கள் அதை நிறுத்த வேண்டாம். மீன் அமிலத்தில் உள்ள மணிச்சத்து அதற்கு ஈடாகாது. இரண்டையும் ஒரே டேங்கில் கலக்காமல், சில நாள் இடைவெளி விட்டுத் தெளியுங்கள். மஞ்சள் தேமல் நோய்க்கும் மீன் அமிலம் மருந்தல்ல. நோய் கண்ட செடியை ஆரம்பத்திலேயே பிடுங்கி அழியுங்கள்.

வேரைப் பாருங்கள்

முதல் தெளிப்புக்கு முன் இரண்டு மூன்று செடிகளை மண்ணோடு பெயர்த்தெடுத்து, வேரை மெதுவாக அலசுங்கள். வேர்முடிச்சை நகத்தால் கிள்ளிப் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால் ரைசோபியம் வேலை செய்கிறது. வெளிறியோ பச்சையாகவோ இருந்தால் தழைச்சத்து கிடைக்கவில்லை, தெளிப்பைத் தள்ளிப்போடாதீர்கள்.

முள்ளும் ஓடும் அடுத்த பட்டத்துக்கு

வடிகட்டிய பின் மிஞ்சும் முள்ளையும், இறால் தலை, ஓடுகளையும் கொட்டிவிடாதீர்கள். முள்ளில் மணிச்சத்தும் சுண்ணாம்புச் சத்தும் உண்டு. இறால் ஓட்டில் உள்ள கைட்டினைத் தின்று பெருகும் நுண்ணுயிர்கள், வேரழுகல் பூஞ்சாணத்தின் சுவரையும் அரிக்கும். அந்தச் சுவரும் கைட்டினால் ஆனதே. குழியில் வைக்கோல், கழிவு, சாணக்கரைசல் என்று அடுக்கி, மேலே அரை அடி மண் மூடுங்கள். நன்கு மக்கி, மண்வாடை வந்த பிறகு, உழவு செய்து விதைக்கும் பட்டத்தில் அடியுரமாக இடலாம். மக்காத கழிவை நேராக வயலில் போடவே கூடாது.

மீன் வெட்டும் இடங்களில் முதல் நாளே சொல்லி வையுங்கள். காலையில் எடுத்த கழிவை அன்று மாலைக்குள் வெல்லத்தில் போட்டுவிடுங்கள். இந்த வாரம் விதைப்பவர்கள் இந்த வாரமே டிரம்மையும் நிரப்புங்கள்.