செப்டம்பர் 30: மிச்சப் பணம் எங்கே போகும்?

அமெரிக்க மத்திய அரசின் நிதியாண்டு செப்டம்பர் 30 நள்ளிரவோடு முடிகிறது. குடிபோதை சோதனை, சீட் பெல்ட் சோதனை என மாநிலங்கள் வழியாக ஊர்க் காவல் துறைகளுக்குப் போகும் சாலைப் பாதுகாப்பு மானியத்துக்கும் அன்றுதான் கணக்கு முடிப்பு. 1966-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த மானியம். அதைப் பற்றிய தப்பெண்ணங்களுக்கும் வயதாகிவிட்டது.

நம்பிக்கை: செலவழிக்காத பணம் வாஷிங்டனுக்கே திரும்பிவிடும்.

உண்மை: கையில் இருந்தால்தானே திரும்புவதற்கு? முதலில் செலவு செய்து, ரசீது காட்டி வாங்கிக்கொள்ளும் பணம் இது. மாநிலத்தின் மிச்சத் தொகை அடுத்த ஆண்டுக் கணக்கில் சேரும். ஒதுக்கிய நிதியாண்டு முடிந்தபின் மேலும் 3 ஆண்டுகள் செல்லும். ஊர்க் காவல் துறையின் ஒப்பந்தம்தான் காலாவதியாகிறது. 'விட்டால் போச்சு' என்று செப்டம்பர் கடைசியில் ரேடார் கருவி வாங்க ஓடுவது வீண் பதற்றம். அதைவிட, ஜூலையிலேயே "எங்களால் இவ்வளவுதான் முடியும்" என்று மாநில அலுவலகத்திடம் சொல்லிவிட்டால், பணம் தேவைப்படும் ஊருக்காவது போய்ச் சேரும்.

நம்பிக்கை: 30-ஆம் தேதிக்குள் ஆர்டர் போட்டால் போதும்.

உண்மை: போதாது. செப்டம்பர் 20 அன்று ஆர்டர் போட்ட கருவி அக்டோபர் 8 அன்று வந்து இறங்கினால், முடிந்த ஆண்டின் மானியத்தில் அதைக் கேட்க முடியாது. ஆனால் பணம் கொடுத்த தேதி பிந்தலாம். ஒரு காவலர் 30-ஆம் தேதி இரவு 10 மணி முதல் 2 மணி வரை சோதனைச் சாவடியில் ஓவர்டைம் பார்க்கிறார். சம்பளம் அக்டோபரில் வருகிறது. முதல் 2 மணி நேரம் பழைய ஆண்டின் செலவு. நள்ளிரவுக்குப் பிந்தைய 2 மணி நேரத்துக்குப் புதிய ஒப்பந்தம் கையெழுத்தாகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது ஊராட்சியின் தலையில்தான். டைம்ஷீட்டில் "4 மணி நேரம்" என்று மொத்தமாக எழுதினால் பில் திரும்பி வரும்.

நம்பிக்கை: கடைசி பில் பாஸாகிவிட்டால் கோப்பைத் தூக்கிப் போடலாம்.

உண்மை: இறுதி நிதி அறிக்கை கொடுத்த நாளிலிருந்து 3 ஆண்டுகள் ஆவணங்களை வைத்திருக்க வேண்டும். கணக்கு முடிந்த பிறகும் தணிக்கையில் ஒரு செலவு செல்லாது என்று தெரிந்தால், கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்கலாம். வாங்கிய கருவியும் சாலைப் பாதுகாப்பு வேலைக்கே பயன்பட வேண்டும். இஷ்டப்படி விற்க முடியாது.