ஒலி பட்டால் விழிக்கும் மருந்து

முழுநிலா இரவில் கல்லடிப் பாலத்தடியில் துடுப்பின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி, மறுமுனையைக் காதில் வைத்தால் பாடுமீன்களின் ஒலி கேட்கும் என்பார்கள். கலங்கிய வாவிக்குள் வெளிச்சம் ஆழமாகச் செல்லாது, ஒலி செல்லும். நம் உடலிலும் பெரும்பகுதி நீர்தான். இந்த வேறுபாட்டையே புற்றுநோய்க்கான ஒரு புதிய சிகிச்சை ஆய்வு பயன்படுத்துகிறது.

புற்றுநோய் மருந்துகள் பல, நோயுற்ற கலத்தையும் நல்ல கலத்தையும் சரியாகப் பிரித்தறிவதில்லை. அதனால்தான் என் உம்மம்மாவின் தலைமுடி கொட்டியது, சோறும் கசந்தது. மருந்து உடலெங்கும் உறங்கியபடி சென்று, கட்டியில் மட்டும் விழித்தால் எவ்வளவு நன்று!

அத்தகையதே ஒலியுணர் சேர்வை. 1989இல் ஜப்பானிய ஆய்வாளர்களான யுமிதா, உமெமுரா குழுவினர், ஈமற்றோபோபிரின் என்னும் சேர்வையுடன் கழியொலியைச் செலுத்தியபோது, கழியொலி மட்டும் செலுத்தியதைவிட அதிக புற்றுக்கலங்கள் இறப்பதைக் கண்டனர். கழியொலி என்பது ஸ்கேன் பரிசோதனைக்கும் பயன்படும், காதுக்குக் கேளாத ஒலி. அது திரவத்தில் நுண்குமிழிகளை உண்டாக்கி உடைக்கிறது. அந்தச் சக்தியால் தூண்டப்படும் சேர்வை, அருகிலுள்ள ஒட்சிசனைத் தாக்குதிறன் மிக்கதாக மாற்றிக் கலத்தைச் சிதைக்கிறது என்பது முக்கிய விளக்கம். ஒளியால் மருந்தைத் தூண்டும் சிகிச்சை முன்பே உண்டு. ஆனால் ஒளி சில மில்லிமீற்றர்களையே நன்கு எட்டும். கழியொலி பல சென்ரிமீற்றர் ஆழம் செல்லும்.

நல்ல சேர்வை நான்கு பரீட்சைகளில் தேற வேண்டும்: தனியே நஞ்சாகக் கூடாது, கட்டியில் கூடுதலாகத் தங்க வேண்டும், ஒலி பட்டதும் செயற்பட வேண்டும், வேலை முடிந்ததும் உடலைவிட்டு நீங்க வேண்டும். பழைய போபிரின்கள் நீரில் நன்கு கரையா. தோலில் வாரக்கணக்கில் தங்குவதால் நோயாளி வெயிலுக்கு அஞ்ச வேண்டும். 5-அமினோலெவுலினிக் அமிலமோ குடிக்கக்கூடியது. மூளைப் புற்றுக்கலத்துக்குள் சென்றபின்பே போபிரினாக மாறித் திரள்கிறது. ஐக்கிய அமெரிக்காவில் இதை மூளைப் புற்றுநோயாளரிடம் பரிசோதித்து வருகின்றனர். போபிரின் வளையம் நமக்குப் புதிதல்ல. இரும்பைத் தாங்கி ஈமோகுளோபினிலும், மகனீசியத்தைத் தாங்கும் அதன் நெருங்கிய உறவு குளோரோபிலிலும் இருக்கிறது.

பெற்றோரே, இது இன்னும் வழமையான சிகிச்சையாகவில்லை. மஞ்சளிலுள்ள குர்குமினும் ஆய்வுகூடங்களில் இவ்வாறு சோதிக்கப்படுகிறது. அதற்காக மஞ்சள் கரைத்துக் குடிப்பது சிகிச்சையாகாது. மட்டக்களப்பிலோ மஹரகமவிலோ வைத்தியர் குறித்த திகதியைத் தவறவிடாதீர்கள்.

சகோதரிகளே, நான்கு பரீட்சைகளிலும் முழுமையாகத் தேறிய சேர்வை இன்னும் கிடைக்கவில்லை. அதைத் தேடுவோருக்கு வேண்டியது நாம் இன்று படிக்கும் இரசாயனவியலே. இன்ஷா அல்லாஹ், அத்தேடலில் நம்மில் ஒருத்தியும் இருப்பாள்.