முள் சொன்ன பொய்

பி.எஸ்ஸி. இயற்பியல், இரண்டாம் ஆண்டு மாணவன்

ஆய்வுக்கூடத்தில் திருகு அளவியைக் கையில் எடுத்ததும் நாம் செய்யும் முதல் வேலை, அதில் சுழிப்பிழை உண்டா என்று பார்ப்பது. கருவியைச் சோதிக்காமல் எடுத்த அளவை நம் ஆசிரியர்கள் ஏற்பதில்லை. ஆனால் சாலையில் நாள்தோறும் நம் உயிரை ஒப்படைத்திருக்கும் ஒரு கருவியை நம்மில் எத்தனை பேர் சோதித்திருக்கிறோம்? மோட்டார் சைக்கிளின் வேகமானியைத்தான் சொல்கிறேன். நானும் சோதித்ததில்லை, என் அண்ணன் விழும்வரை.

சென்ற ஆண்டு எங்கள் ஊர் ஏரிக்கரை வளைவில் அண்ணன் வண்டியோடு சறுக்கி விழுந்தார். காறை எலும்பு முறிந்தது. ‘நாற்பதில்தான் வந்தேன்’ என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். வளைவின் பலகையில் எழுதியிருப்பதும் நாற்பதுதான். பார்த்தவர்களோ, ‘பறந்து வந்தான்’ என்றார்கள். அப்பா அவர்களை நம்பினார். உண்மையைச் சொன்னால், நானும் அவர்களைத்தான் நம்பினேன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு என்னைக் கல்லூரிக்கு அனுப்பிய அண்ணனை ஒரு பொய்யர் என்று மனத்துக்குள் எழுதிவிட்டேன். வண்டி பழைய வண்டி, இரண்டாம் கையாக வாங்கியது என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

வேகமானி வேலை செய்யும் விதம்

இன்றைய புது வண்டிகளில் சக்கரத்தின் அருகே உள்ள உணர்வி மின்துடிப்புகளை அனுப்ப, எண்களே திரையில் தோன்றுகின்றன. எங்கள் வண்டியில் இருப்பது முள் வைத்த பழைய வகை. ஜெர்மனியைச் சேர்ந்த ஓட்டோ ஷுல்ட்சே 1902-இல் காப்புரிமை பெற்ற முறை அது.

முன்சக்கரத்தின் அச்சருகே ஒரு பல்சக்கரம் இருக்கிறது. சக்கரம் சுழலும்போது அது மீட்டர் கேபிளின் உள்கம்பியைச் சுழற்றுகிறது. கம்பியின் மறுமுனை மீட்டருக்குள் ஒரு நிலைக்காந்தத்தைச் சுழற்றுகிறது. காந்தத்தைச் சூழ்ந்து, அதைத் தொடாமல், ஓர் அலுமினியக் கிண்ணம் இருக்கிறது. அலுமினியத்தைக் காந்தம் கவராது என்பது நமக்குத் தெரியும். ஆயினும் சுழலும் காந்தப்புலம் கிண்ணத்தில் சுழல் மின்னோட்டங்களைத் தூண்டுகிறது. லென்ஸ் விதிப்படி அம்மின்னோட்டம் தன்னைத் தோற்றுவித்த சார்பு இயக்கத்தை எதிர்க்க வேண்டும். ஆகவே கிண்ணமும் காந்தத்தோடு சேர்ந்து சுழல முயல்கிறது. ஒரு மெல்லிய சுருள்வில் அதைப் பிடித்து இழுக்கிறது. சுழற்றும் திருப்புவிசை வேகத்துக்கு நேர்விகிதம். வில்லின் எதிர்ப்பு திரும்பிய கோணத்துக்கு நேர்விகிதம். இரண்டும் சமமாகும் இடத்தில் கிண்ணம் நிற்கிறது, அதனோடு இணைந்த முள்ளும் நிற்கிறது.

ஓடிய தூரத்தைக் காட்டும் எண்களுக்குக் காந்தமோ வில்லோ தேவையில்லை. அவை அதே கம்பியின் சுற்றுகளைப் பல்சக்கரங்களால் எண்ணுபவை. இந்த வேறுபாடே என் சோதனைக்குத் திறவுகோலாயிற்று.

சோதனை

வண்டியைப் பழுது பார்த்து எடுத்தபின், நெடுஞ்சாலையில் ஆள் நடமாட்டம் குறைந்த விடியற்காலையில் நண்பனைப் பின்னால் அமர்த்திக்கொண்டு புறப்பட்டேன். கிலோமீட்டர் கல்லை அடையும் முன்பே முள்ளை ஓரிடத்தில் நிறுத்திக்கொள்வது; ஒரு கல்லிலிருந்து அடுத்த கல் வரை ஆகும் விநாடிகளை நண்பன் குறிப்பது; 3600-ஐ அந்த விநாடியால் வகுத்தால் உண்மை வேகம் கிடைக்கும்.

முள் 30-இல் நின்றபோது 102 விநாடி. உண்மை வேகம் 35.3.
முள் 40-இல் நின்றபோது 76 விநாடி. உண்மை வேகம் 47.4.
முள் 50-இல் நின்றபோது 61 விநாடி. உண்மை வேகம் 59.0.

கடிகாரத்தை அழுத்துவதில் அரை விநாடி தவறினாலும் பிழை நூற்றுக்கு ஒன்றைத் தாண்டாது. கைபேசியின் ஜி.பி.எஸ். காட்டிய வேகமும் இதையே உறுதி செய்தது. அண்ணன் பொய் சொல்லவில்லை. பொய் சொன்னது முள்.

பிழை எங்கே?

மூன்று வேகத்திலும் காட்டியதை உண்மையால் வகுத்தால் ஏறத்தாழ 0.85 வருகிறது. ஆகவே இது சுழிப்பிழை அன்று, விகிதப்பிழை. ‘முள்ளைப் பிடுங்கி ஏழு கோடு தள்ளிக் குத்திவிட்டால் சரியாகிவிடும்’ என்றார் ஒரு மெக்கானிக். அப்படிச் செய்தால் 47-இல் சரியாகக் காட்டும். ஆனால் நிற்கும் வண்டிக்கு ஏழு காட்டும், 59-இல் போனால் 57 காட்டும். விகிதப்பிழையைக் கூட்டியோ கழித்தோ தீர்க்க முடியாது.

அடுத்து, பத்துக் கல் தூரம் சென்று எண்களைப் பார்த்தேன். 8.4-ஐத் தாண்டியிருந்தது, 8.5-ஐத் தொடவில்லை. காந்தம் வலுவிழந்தாலோ வில் கெட்டாலோ முள் மட்டுமே தவறும், எண்கள் தவறா. இங்கே இரண்டும் ஒரே விகிதத்தில் குறைந்தன. எனவே குற்றம் காந்தத்தில் இல்லை. சக்கரத்துக்கும் மீட்டருக்கும் இடையே உள்ள சுற்றுக்கணக்கில் இருக்கிறது.

டயரில் சுண்ணக்கட்டியால் கோடிட்டு, ஆள் அமர்ந்த நிலையில் வண்டியைப் பத்துச் சுற்று உருட்டி அளந்தேன். 18.60 மீட்டர். ஒரு சுற்றுக்கு 1.86 மீட்டர், ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 538 சுற்று. பின் கேபிளை மீட்டரிலிருந்து கழற்றி, உள்கம்பியின் நுனியில் காகிதக்கொடி ஒட்டி, சக்கரத்தைப் பத்துமுறை சுற்றினேன். கொடி 22 முறை சுற்றியது. அதாவது ஒரு கிலோமீட்டருக்கு மீட்டரை அடைவது சுமார் 1183 சுற்று. இறுதியாக மீட்டரின் அச்சைக் கையாலேயே சுற்றிப் பார்த்தேன். எண்களில் பத்தில் ஒரு கிலோமீட்டர் நகர 140 சுற்று வேண்டியிருந்தது. முழுக் கிலோமீட்டருக்கு 1400. அந்த மீட்டர் 1400 சுற்றை எதிர்பார்க்கிறது, வருவதோ 1183. வகுத்தால் 0.845. சாலையில் கண்ட விகிதமும் அதுவே! முன்பு வண்டியை வைத்திருந்தவர் உடைந்த மீட்டருக்குப் பதிலாக வேறு வகை வண்டியின் மீட்டரை மாட்டியிருக்கிறார்.

திருத்தம்

பழைய சாமான் கடையில் எங்கள் வண்டிக்குரிய மீட்டரைத் தேடி எடுத்தோம். வாங்குமுன் அதன் அச்சையும் கையால் சுற்றி எண்ணினேன். பத்தில் ஒரு கிலோமீட்டருக்கு 117 சுற்று. மாட்டிச் சோதித்ததில் பத்துக் கல்லுக்கு எண்கள் 10.1 காட்டின. முள் 40-இல் நிற்கக் கல்லுக்குக் கல் 94 விநாடி. உண்மை வேகம் 38.3.

இன்னும் சற்றுக் கூடுதலாகக் காட்டுகிறதே என்று கேட்கலாம். அது வேண்டுமென்றே வைக்கப்படுவது. ஐக்கிய நாடுகளின் 39-ஆம் எண் வாகன விதிப்படி, வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைவாக ஒருபோதும் காட்டக் கூடாது. கூடுதலானால், உண்மை வேகத்தின் பத்தில் ஒரு பங்குடன் 4 கிலோமீட்டர் சேர்த்த அளவைத் தாண்டக் கூடாது. டயர் தேய்ந்தால் சுற்றளவு குறைந்து முள் கூடுதலாகக் காட்டும். பெரிய டயர் மாட்டினால் குறைவாகக் காட்டும். இரண்டாவதே ஆபத்தானது.

எவ்வளவு ஆபத்து என்பதையும் கணக்கிடலாம். வளைவில் வண்டியைத் திருப்பத் தேவையான மையநோக்கு விசை வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதம். 40 என்று எண்ணி 47.3-இல் திரும்பினால் தேவைப்படும் விசை ஏறத்தாழ 1.4 மடங்கு. அன்று வளைவில் மணல் கிடந்ததும் உண்மைதான். மணலில் அந்த 1.4 மடங்கு விசையைத் தர உராய்வு ஏது?

கணக்கை அண்ணனிடம் காட்டினேன். ‘இதை அப்பாகிட்ட நீயே சொல்லுடா’ என்றார். அப்பாவுக்கு எழுத்து தெரியாது. ஆகவே பழைய மீட்டரை மறுபடி மாட்டி, அவரைப் பின்னால் அமர்த்தி, பத்துக் கல்லையும் அவரையே எண்ணச் சொன்னேன். பத்தாவது கல்லில் வண்டியை நிறுத்தி, மீட்டர் எட்டரைகூடக் காட்டவில்லை என்றேன். சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, ‘மரக்கால் குறைஞ்சிருக்கு. நான் அளந்தவனைத் திட்டிட்டேன்’ என்றார்.

அன்று மாலையே சரியான மீட்டரை மாட்டிச் சாவியை அவரே அண்ணன் கையில் கொடுத்தார். நண்பர்களே, இரண்டாம் கையாக வண்டி வாங்கியிருந்தால், ஒரு விடியற்காலையை ஒதுக்கிக் கல்லுக்குக் கல் விநாடியை எண்ணிப் பாருங்கள். அதற்கு வேண்டியது ஒரு கடிகாரமும் ஒரு வகுத்தல் கணக்கும் மட்டுமே.