யாருக்குச் சரிபாதி?

அன்புத் தம்பிக்கு,

ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் எடுத்த உன் குறும்படத்தைப் பார்த்தேன். இடப்பக்கம் பெரியம்மா கொழுந்து பறிக்கிறார், வலப்பக்கம் கொழும்பில் ஒருவர் கணினியில் தேயிலை ஏலம் கேட்கிறார். நடுவில் ஒரு வெள்ளைக் கோடு. படத்தின் முக்கால்வாசி இப்படியே ஓடுகிறது.

அந்தக் கோடு இருவருக்கும் திரையைச் சரிபாதியாகப் பங்கு போட்டுக் கொடுத்துவிடுகிறது. தோட்டத்தில் அப்படி யார் பங்கு போட்டார்கள்? அதுவும் 2020இல் ஏலம் இணையத்துக்குப் போன பிறகு, வலப்பக்கத்தில் பார்க்க மவுஸைத் தட்டும் ஒரு விரல்தான் மிச்சம். அதற்குப் பாதித் திரை தாராளம்.

பசில் ரைட் 1934இல் எடுத்த 'சோங் ஒஃப் சிலோன்' படத்தைத் தேடிப் பார். எடுக்கச் சொன்னது இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபை. அதன் மூன்றாம் பகுதியில் மலைச்சரிவில் பெண்கள் கொழுந்து பறிக்கிறார்கள். காதில் விழுவதோ சந்தை விலையும் கப்பல் விவரமும் வியாபாரக் கடித வாசகமும். திரையை அவர் பிளக்கவில்லை, கண்ணுக்கு ஒன்றும் காதுக்கு ஒன்றும் கொடுத்தார். விலை சொல்லும் குரல் எங்கிருந்தோ வருகிறது, பறிக்கும் கையை விட்டு நம் கண் நகர்வதில்லை. தேயிலை விற்கப் பணம் போட்டவர்களுக்கு இது உறைத்ததோ என்னவோ! ஒரு குறை உண்டு. வர்ணனைக்கு எடுத்துக்கொண்டது, கண்டி இராச்சியத்தில் ஏறக்குறைய இருபது ஆண்டு சிறைப்பட்டிருந்த ரொபர்ட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூல். வாசித்தவர் லயனல் வென்ட். பறிப்பவர்களை யாரும் பேசக் கேட்கவில்லை. உன் படத்தில் பெரியம்மா பேசுகிறார். அந்தப் பேச்சின் நடுவே ஏல விலையை ஒலியாக மட்டும் விட்டுப் பார்.

திரையைப் பிளக்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. லோயிஸ் வெபர் 1913இலேயே 'சஸ்பென்ஸ்' படத்தில் திரையை மூன்றாக்கினார். வீட்டுக்குள் நுழையப் பார்க்கும் திருடன், தொலைபேசியில் பதறும் மனைவி, மறுமுனையில் கணவன். மூன்றும் ஒன்றையொன்று இழுக்கின்றன, அதனால் அங்கே கோடு நிற்கிறது.

உன்னிடமும் அப்படி ஓர் இடம் இருக்கிறது. கொழுந்து நிறுக்கும் காட்சி. தராசில் ஏறும் எண், கணக்குப் புத்தகத்தில் ஈரத்துக்கும் சாக்குக்கும் கழித்து எழுதும் கை, வரிசையில் நிற்கும் பெரியம்மாவின் முகம். அவர் நிற்கும் இடத்திலிருந்து எண் தெரியாது, நமக்குத் தெரியும். அங்கே பிள. முகத்துக்குப் பாதிக்கு மேல் கொடு.

மறுபடி எடுக்கப் போனால் கேமராவை ஸ்டாண்டில் வைத்து எடு. இரண்டு பக்கமும் ஆடினால் பார்ப்பவருக்குத் தலை சுற்றும். 16:9 ஃப்ரேமை நடுவில் வெட்டினால் மிஞ்சுவது 8:9, ஏறக்குறையச் சதுரம். ஹந்தானை மலை அதற்குள் அடங்காது, முகம் அடங்கும். ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தின் ஒலியை மட்டும் மேலே விடு. பெரஹரா ஊர்வலத்தை நான்கு கட்டமாகப் போடும் உன் யோசனையை மட்டும் தயவுசெய்து கைவிடு.

கண்டியில் காட்டினால் சிங்கள சப்டைட்டில் வேண்டும். இரண்டு படம், கீழே எழுத்து என்றால் கண் மூன்று இடத்துக்கு ஓடும். நிறுவைக் காட்சியில் யாரும் பேசாமல் பார்த்துக்கொள். பிறகு தமிழ் தெரியாத உன் பேராதனை நண்பர்களுக்குப் போட்டுக் காட்டி, எந்தப் பக்கம் பார்த்தீர்கள் என்று மட்டும் கேள்.

அன்புடன்,
அக்கா