வரம்புள்ள நஷ்டமும் வரம்பற்ற நஷ்டமும்

பெரிய யந்திரத் தொழிலும் அதனை நடத்தும் கம்பெனியும் மக்கள் வாழ்வை எவ்வாறு அமைக்கின்றன என்பதை இம்முறை பாடமாகக் கொள்வோம். பொதுப்படப் பேசினால் உண்மை நழுவிவிடும். ஆதலின் நம்மவருள் பலர் நன்கறிந்த கோலார் தங்கவயலையே உதாரணமாக வைத்துச் சீர்தூக்கிப் பார்ப்போம்.

1. கம்பெனி என்பது யாது?

தனி முதலாளி ஒருவன் தொழிலில் நொடித்தால் அவன் வீடும் நிலமும் கடனுக்குப் போகும். இவ்வச்சம் உள்ளவரை ஆழ்ந்த சுரங்கம் தோண்டவும் இருப்புப்பாதை போடவும் வேண்டிய பெரும் பணத்தை ஒருவரும் முன்வந்து கொடார். இதனைப் போக்கவே 1855-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி பங்கு வாங்கியவன் தன் பங்கின் விலையை மட்டுமே இழப்பான். அதற்குமேல் அவன் சொத்தைக் கடன்காரர் தொட இயலாது. கம்பெனிப் பெயரின் ஈற்றில் நிற்கும் 'லிமிடெட்' என்னும் சொல்லின் பொருள் இதுவே. பலர் கைப்பணம் ஒன்று திரண்டு பெருமுதலாயிற்று. இன்று தேசம் கடந்து தொழில் நடத்தும் பெரிய கம்பெனிகளும் இந்த வித்தினின்று வளர்ந்தவையே.

2. தங்கவயல் எழுந்த விதம்

1880-ஆம் ஆண்டில் லண்டன் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிர்வாகத்தார் தங்கவயலுக்கு வந்தனர். பங்குப் பணம் லண்டனிலிருந்து வந்தது. உழைப்போ வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் முதலிய இடங்களிலிருந்து வந்தது. 1894-ல் மாரிக்குப்பம் வரை ரயில் ஓடிற்று. 1902-ல் காவிரியின் சிவசமுத்திரத்தில் பிறந்த மின்சாரம் ஏறக்குறைய 90 மைல் கம்பி வழியே வந்து சுரங்க யந்திரங்களைச் சுழற்றிற்று. பெங்களூர் நகரத்துக்கு மின்விளக்கு வந்தது 1905-ல்தான். மக்களின் தேவைக்கு முன்னே கம்பெனியின் தேவைக்கு விளக்கெரிந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

3. அடைந்த லாபம்

யந்திரத் தொழிலைப் பழிப்பது மட்டும் நம் நோக்கமன்று. ஊரில் பண்ணையாளாய்க் கிடந்து, மிராசுதார் அளக்கும் தானியத்துக்குக் கைகட்டி நின்றவன், சுரங்கத்தில் காசாகக் கூலி பெற்றான். காசுக்குச் சாதி இல்லை. அது கையில் இருந்தால் பிள்ளைக்குச் சிலேட்டு வாங்கலாம், பத்திரிகை வாங்கலாம். பண்டிதர் அயோத்திதாசரின் நூல்களை அச்சிட்டுப் பரப்பிய சித்தார்த்த புத்தகசாலை அத்தொழிலாளர் நடுவே எழுந்தது தற்செயலன்று. ஆலைச் சங்கொலிக்கு எழுந்து நாளைக் கழித்த நாம் இந்த லாபத்தைச் சிறிதென்று சொல்லமாட்டோம்.

4. நஷ்டத்தின் கணக்கு

ஆயினும் கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். சுரங்கம் 3 கிலோமீட்டருக்கு மேல் ஆழ்ந்தது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 பாகை செல்சியசைத் தாண்டும். அழுத்தம் தாங்காத பாறை திடீரென வெடித்துச் சரியும். பாறைத்தூள் நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ் என்னும் தீராத நோயாகும். வெள்ளை அதிகாரிகளுக்கு பங்களாவும் கிளப்பும் இருந்தன. தொழிலாளிக்கு மூங்கில் தட்டிக் குடிசை இருந்தது. குற்றவாளியைப் போலத் தம் கைரேகையைப் பதிய வேண்டும் என்றபோது, 1930-ல் தொழிலாளர் பொறுக்காமல் வேலைநிறுத்தம் செய்தனர்.

இங்கேதான் பாடத்தின் சாரம் உள்ளது. பங்குதாரர் எவ்வளவு இழக்கலாம் என்பதற்குச் சட்டம் எல்லை கட்டியது. தொழிலாளி எவ்வளவு இழக்கலாம் என்பதற்கு எல்லை கட்டியவர் யார்? கெட்ட நுரையீரலைச் சந்தையில் விற்று வேறொன்று வாங்க முடியுமா? லாபம் ஓரிடம் சேர, நஷ்டம் மற்றோரிடம் சேர்வதே பெருந்தொழிலின் பெருங்குறை.

5. உடைமை மாறிய பின்

1956-ல் மைசூர் சர்க்கார் சுரங்கங்களைத் தேசியமயமாக்கிற்று. 1962-ல் அவை மத்திய சர்க்காரிடம் சென்றன; 1972-ல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் ஏற்பட்டது. தொடக்கத்தில் ஒரு டன் கல்லில் 40 கிராமுக்குமேல் கிடைத்த தங்கம் இறுதியில் 3 கிராம் அளவுக்குக் குறைந்தது. 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. 800 டன்னுக்கு அதிகமான தங்கம் வெளியே போயிற்று. சயனைடில் கழுவிக் கழித்த மண் 3 கோடி டன்னுக்கு மேல் மேடாக ஊரிலேயே நின்றது. காற்று வீசினால் அத்தூள் வீடுகளில் படிகிறது. பிள்ளைகள் விடியற்காலையில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகின்றனர். முதலாளி மாறினான், நஷ்டம் சுமந்தவன் மாறவில்லை.

6. பரிகாரம்

இந்நஷ்டத்தில் ஒரு பகுதியையேனும் தொழில் நடத்துவோர் தலையில் ஏற்றியவை சட்டங்களே. 1923-ல் விபத்து நஷ்டஈட்டுச் சட்டமும், 1948-ல் ஈ.எஸ்.ஐ. சட்டமும், 1952-ல் பிராவிடண்டு பண்டுச் சட்டமும் வந்தன. 2020-ல் இயற்றிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு இவற்றை ஒன்றாக்கியது. தொழிலாளரின் சங்கமும் போராட்டமும் இன்றேல் இத்தகைய சட்டங்கள் வேலைத்தலத்தை எட்டா.

ஆனால் பதிவேட்டில் பெயர் இல்லாதவனுக்குச் சட்டத்தின் நிழல் எட்டுவது அரிது. இன்று பெரிய கம்பெனிகள் ஆளைத் தாமே வைக்காமல் காண்டிராக்டர் வழியே வைப்பதன் விளைவு, கம்பெனிக்கும் தொழிலாளிக்கும் இடையே ஒரு திரை விழுவதே. ஆகவே காண்டிராக்டு வேலைக்குச் செல்லும் நம் இளைஞர் மூன்றினைத் தவறாது செய்க: நியமன உத்தரவை எழுத்தில் கேட்டுப் பெறுக, பி.எப். எண்ணைப் பெற்று, மாதந்தோறும் பணம் கட்டப்படுகிறதா எனப் பார்க்க. தனியே முறையிடாது சங்கமாகச் சேர்ந்து கேட்க. எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் பத்துப் பேருக்கு இதனைச் செய்து கொடுத்தல் பெரிய தானமாகும்.

கூடிப் படிப்போர் ஆராய வேண்டிய வினாக்கள்:

1. நம் வீட்டார் வேலை செய்யும் இடத்தில் தீர்மானம் செய்பவர் யார்?
2. அங்கு விளையும் லாபம் எங்கே போகிறது?
3. அத்தொழில் நாளை மூடப்பட்டால் நம் தெருவில் எஞ்சி நிற்பது யாது?

மூன்றாம் வினாவுக்கு விடை கூற இயலாத தெரு, இன்றே ஒரு படிப்பகமும் ஒரு சேமிப்புச் சங்கமும் தொடங்கக் கடவது.