திருமலையில் ஒரு நந்தா விளக்கு

பண்டைக் காலத்துச் சின்னங்களைக் காணும் வேட்கையுடையோர் எகிப்து, கிரேக்கம், இத்தாலி முதலிய நாடுகளுக்குப் பெரும்பொருள் செலவிட்டுச் செல்கின்றனர். அங்கே வானளாவிய தூண்களையும் இடிந்த மண்டபங்களையும் கண்டு வியக்கின்றனர். ஆயின் அத்தூண்கள் எத்தெய்வத்தின் பொருட்டு நாட்டப்பட்டனவோ அத்தெய்வத்தைத் தொழுவார் இன்று அங்கே அரியர். கோயில் நிற்கின்றது, வழிபாடு மறைந்தது. நம் தமிழ்நாட்டின் நிலை அத்தன்மைத்தன்று. ஆயிரம் ஆண்டுக்கு முன் எழுந்த கோயிலில் இன்றும் ஒருவர் விளக்கேற்றிக் கைகூப்பி நிற்றலை இங்கே காணலாம். அழிபாடும் வழிபாடும் அருகருகே நிற்கும் நாடு இது. ஆதலின், இந்நாட்டிற் பழஞ்சின்னங்களைக் காணச் செல்வோர்க்குக் கடமைகள் இரண்டு உள. கல்லைக் கற்றல் ஒன்று. அங்கே தொழுவாரை மதித்தல் மற்றொன்று. இவ்விரண்டனையும் ஒருங்கே பயிலுதற்கு ஏற்ற இடமாகத் திகழ்வது ஆரணிக்கு அணித்தாகிய திருமலை.

இடமும் பெயரும்

திருமலை என்ற அளவிற் பலர்க்கும் நினைவில் வருவது வேங்கடமலையே. யாம் ஈண்டுக் கூறப்புகுந்தது அஃதன்று. திருவண்ணாமலை மாவட்டத்துப் போளூர் வட்டத்தில், வடமாதிமங்கலத்தின் அருகே, ஒரு குன்றின் அடியில் அமைந்த சிற்றூர் இது. பட்டு நெசவுக்குப் பேர்பெற்ற ஆரணிக்குச் சேலை வாங்க வருவோர் மிகப் பலர். தறியோசை கேட்கும் அத்தெருக்களைக் கடந்து இக்குன்றை நோக்கித் திரும்புவோர் மிகச் சிலர். தமிழ்நாட்டுச் சமண சமய வரலாற்றை அறிய விரும்புவோர் தவறாது காணவேண்டிய இடம் இது.

சோழர் காலத்துக் கல்வெட்டுக்கள் இவ்வூரை வைகாவூர் என்று வழங்குகின்றன. பங்களநாட்டைச் சேர்ந்த முகைநாட்டுப் பள்ளிச்சந்தம் என்றும் இதனைக் குறிக்கின்றன. பள்ளிச்சந்தம் என்பது சமணப் பள்ளிக்கும் பௌத்தப் பள்ளிக்கும் விடப்பட்ட இறையிலி நிலம். சிவன் கோயிலுக்கு விடப்பட்டதைத் தேவதானம் என்றும், அந்தணர்க்கு விடப்பட்டதைப் பிரமதேயம் என்றும் கூறினர். ஒவ்வொன்றற்கும் தனித்தனிப் பெயர் இருந்தமையால், பல சமயத்தாரும் ஓர் ஆட்சியின்கீழ் நிலம் பெற்று வாழ்ந்தமை விளங்கும்.

இக்குன்றுக்கு எண்குண இறைவன் திருமலை என்று பொருள்படும் பெயரும் ஒரு கல்வெட்டில் உண்டு. எட்டுக் குணங்களை உடைய இறைவன் என்பது அருகனைக் குறித்தது. திருக்குறளின் முதலதிகாரத்தில் வரும் எண்குணத்தான் என்னும் சொல்லுக்குப் பரிமேலழகர் சைவாகமத்தை ஒட்டிப் பொருள் உரைத்தார். சமணர் தம் நூன்முறையை ஒட்டிப் பொருள் உரைப்பர். ஒரு சொல் பல சமயத்தார்க்கும் உறவினதாய் நின்றமைக்கு இஃதொரு சான்று.

குந்தவையின் கோயில்

மலையின் அடிவாரத்தில் கோபுரத்தையும் கோயில்களையும் காண்கின்றோம். பாறையை ஒட்டி அமைந்த குகையறைகளும் அங்கே உள. இவற்றினிடையே விளங்கிய சமணக் கோயிலொன்று குந்தவை சினாலயம் எனக் கல்வெட்டிற் போற்றப்படுகின்றது. சினாலயம் என்பது சினனுடைய ஆலயம். குந்தவை, சுந்தர சோழரின் மகள்; முதலாம் இராசராசனின் தமக்கை; வல்லவரையர் வந்தியதேவரின் தேவி.

இவ்வரசியார் சைவத்தில் ஈடுபட்ட குடியிற் பிறந்தவர். தம் தம்பி எடுப்பித்த தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் பொன்னும் திருமேனிகளும் வழங்கியவர். அவரே இராசராசபுரம் என முன்னர் வழங்கிய தாதாபுரத்தில் சிவபெருமானுக்கு ஒரு கோயிலும், திருமாலுக்கு ஒரு கோயிலும், சினனுக்கு ஒரு கோயிலும் எடுப்பித்தார். தம் சமயத்தில் உறுதியாக நிற்பது வேறு; பிறர் சமயத்துக்கு இடமளிப்பது வேறு; இரண்டும் ஒருவரிடத்தே கூடும் என்பதற்குக் குந்தவையார் சான்றாவர்.

நந்தா விளக்கு

திருமலையை வரலாற்று ஆசிரியர் அனைவர்க்கும் அறிமுகமாக்கியது இங்குள்ள முதலாம் இராசேந்திரனின் கல்வெட்டு. அவனது 13ஆம் ஆட்சியாண்டில், அஃதாவது ஏறத்தாழ 1025ஆம் ஆண்டிற் பொறிக்கப்பட்டது அது. செர்மானிய அறிஞர் ஊல்சு என்பார் இம்மலைக் கல்வெட்டுக்களைப் படித்து, 1890இல் வெளிவந்த தென்னிந்தியக் கல்வெட்டுக்கள் முதற் தொகுதியிற் பதிப்பித்தார்.

அக்கல்வெட்டின் தொடக்கத்தில் மெய்க்கீர்த்தி நிற்கின்றது. மெய்க்கீர்த்தி என்பது அரசனின் வெற்றிகளை முறையே எடுத்துரைக்கும் பகுதி. இடைதுறை நாடு, வனவாசி, கொள்ளிப்பாக்கை, மண்ணைக் கடக்கம், ஈழம், சக்கரக்கோட்டம், ஒட்டவிடயம், கோசலை நாடு, தண்டபுத்தி, வங்காளதேசம் என வெற்றி கொண்ட நாடுகளின் வரிசை வடதிசை நோக்கிச் சென்று கங்கையை அடைகின்றது. கங்கைப் படையெடுப்பின் வரலாற்றை எழுதுவோர் இக்கல்வெட்டைக் குறிக்காது செல்லார்.

ஈண்டு ஒரு நுட்பம் அறியத்தக்கது. கடல் கடந்து கடாரம் கொண்ட செய்தி இக்கல்வெட்டில் இல்லை. அடுத்த ஆண்டு முதலாக வந்த கல்வெட்டுக்களில் அச்செய்தி காணப்படுகின்றது. ஆகவே, கடாரப் படையெடுப்பின் காலத்தை வரையறுத்தற்கு இம்மலைப் பாறை ஓர் அளவுகோலாகின்றது. கல்வெட்டு கூறுவதேயன்றிக் கூறாது விடுவதும் வரலாற்றுக்குத் துணையாதல் இவ்வாறே.

இனி, இத்துணைப் பெரிய வெற்றிவரிசை இச்சிறு குன்றில் எழுதப்பட்டது எதற்காக? அரசன் இங்கே ஒரு போரும் செய்திலன். வெற்றித்தூணும் நாட்டிற்றிலன். கல்வெட்டின் இறுதிப் பகுதியைப் படித்தால் விடை தோன்றும். பெரும்பாணப்பாடியைச் சேர்ந்த மல்லியூரில் நன்னப்பயன் என்னும் வணிகன் ஒருவன் இருந்தான். அவன் மனைவி பெயர் சாமுண்டப்பை. அவ்வம்மையார் குந்தவை சினாலயத்தில் ஒரு நந்தா விளக்கு எரிப்பதற்கு இருபது காசும், திருவமுதுக்குப் பத்துக் காசும் வைத்தார். கல்வெட்டின் பொருள் இவ்வளவே. அறத்தை எழுதுமுன் ஆளும் அரசனின் புகழை எழுதுவது அக்காலத்து மரபு. அம்மரபினாலேதான் கங்கை கொண்ட சோழனின் வெற்றிகள் இங்கே இடம் பெற்றன.

நந்துதல் என்பதற்குக் கெடுதல் என்பது ஒரு பொருள். நந்தா விளக்கு என்பது அவியாத விளக்கு. இத்தகைய அறங்களில் முதலாக வைத்த பொருளைச் செலவிடாது, அதன் ஊதியத்தைக் கொண்டே நெய்க்கும் எண்ணெய்க்கும் வழி காண்பது வழக்கம். வைத்தவர் மறைந்தாலும் விளக்கு எரியவேண்டும் என்பதே அதன் கருத்து.

மாணவத் தோழர்களே! பேரரசனின் பெருமையை இக்குன்றில் இன்றளவும் காத்து நிற்பது ஒரு வணிகன் மனைவியின் முப்பது காசு. எருசலேம் ஆலயத்துக் காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு இட்ட ஏழைக் கைம்பெண்ணை மாற்கு சுவிசேடத்தில் நாம் அறிவோம். சாமுண்டப்பையார் அவளைப் போல் வறியவர் அல்லர். ஆயினும் செல்வரின் பெருங்கொடைகளுக்கு இடையே சிறிய கையின் ஈகையும் எண்ணப்படும் என்னும் உண்மை ஈரிடத்தும் ஒன்றே. வரலாறு என்பது வென்றோர் கதை மட்டும் என்று கருதுவோர் இக்கல்வெட்டை ஈறு வரை படித்தல் வேண்டும்.

மலைமேற் காட்சி

குன்றில் வெட்டிய படிகளின் வழியே ஏறிச் செல்வோர் நேமிநாதரின் பேருருவத்தின் முன் வந்து நிற்பர். பாறையிற் செதுக்கிய அவ்வுருவத்தின் உயரம் ஏறத்தாழ 16 அடி. நேமிநாதர், சமணர் போற்றும் தீர்த்தங்கரர் இருபத்து நால்வருள் 22ஆமவர். இங்கே அவர்க்குச் சிகாமணிநாதர் என்னும் பெயர் வழங்குகின்றது. தமிழ்நாட்டிலுள்ள சமணத் திருவுருவங்களில் இதுவே மிக உயரமானது என்பர். சிரவணபெள்குளத்துக் கோமதேசுவரரின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கும் இஃதில்லை. ஆயினும் அங்கே வெட்டவெளியில் விண்ணோக்கி நிற்கும் உருவத்தினும், இங்கே குன்றின் மடியில் ஒடுங்கி நிற்கும் உருவம் காண்போரை நெருங்கி அமைதியூட்டுகின்றது. ஆடையும் அணியும் இன்றிக் கைகளைத் தொங்கவிட்டு அசையாது நிற்கும் இந்நிலை, உடற்பற்றை ஒழித்த துறவைக் காட்டுவது. உச்சியில் முனிவர் திருவடிகளாகப் போற்றப்படும் பாத வடிவங்களும் உள.

அடிவாரத்துக் குகையறைகளிற் சுவரிலும் விதானத்திலும் வண்ண ஓவியங்கள் தீட்டப்பட்டுள்ளன. அவற்றுட் பெரும்பகுதி விசயநகரக் காலத்தன என்பர். சக்கரம் போல் வட்டமாக எழுதிய ஓவியம், தீர்த்தங்கரர் அறமுரைக்கும் அவையாகிய சமவசரணத்தைக் குறிப்பது என்று அறிஞர் கொள்வர். பல இடங்களில் வண்ணம் மங்கியும் சுதை உதிர்ந்தும் போயின.

கலிங்கும் மணியும்

இம்மலையைப் பேணியோர் அரசியும் வணிகன் மனைவியும் மட்டும் அல்லர். முதலாம் இராசராசனின் 21ஆம் ஆட்சியாண்டில், அஃதாவது ஏறத்தாழ 1006ஆம் ஆண்டில், குணவீர மாமுனிவர் என்பார் தம் ஆசிரியர் பெயரால் ஒரு கலிங்கு அமைத்தார். கலிங்கு என்பது ஏரியின் மிகைநீர் வழிந்தோடும் வாய். உலகத்தைத் துறந்த முனிவர் உழவர் வயலுக்காக நீர்வாய் கட்டியமை எண்ணி இன்புறத்தக்கது. நேமிநாதம் என்னும் இலக்கண நூலை இயற்றிய குணவீர பண்டிதர் இவரினும் காலத்தாற் பிற்பட்டவர். பெயரொற்றுமை கொண்டு இருவரையும் ஒருவராகக் கருதற்க.

பழுதுபார்த்தலின் சிறப்பை உணர்த்தும் கல்வெட்டு ஒன்றும் இங்கே உண்டு. சேரர் மரபில் வந்த எழினி என்பான் இம்மலையில் இயக்கனுக்கும் இயக்கிக்கும் திருவுருவம் அமைத்தான். காலம் செல்ல அவை பழுதுற்றன. பின்னர்த் தகடூரை ஆண்ட அதிகமான் மரபினனாகிய விடுகாதழகிய பெருமாள் அவற்றைப் புதுப்பித்து, ஒரு மணியும் அளித்து, நீர்க்காலும் அமைத்தான். அதிகமான், எழினி என்னும் பெயர்களைப் புறநானூற்றிற் கண்டு களித்த நமக்கு, அப்பெயர்கள் பல நூற்றாண்டின் பின் இப்பாறையில் எதிர்ப்படுதல் பழைய உறவினரைக் கண்டாற் போன்றது.

பதினான்காம் நூற்றாண்டில், இராசநாராயண சம்புவராயரின் 12ஆம் ஆட்சியாண்டில், பொன்னூரைச் சேர்ந்த நல்லாத்தாள் என்னும் பெண்மணி இங்கே ஒரு திருவுருவத்தை எழுந்தருளச் செய்தார். அரசுகள் மாறின. சோழர் சென்றனர், சம்புவராயர் வந்தனர், அவரும் சென்றனர். எனினும் ஒருவர் விட்ட பணியை மற்றொருவர் கை ஏற்றுக்கொண்டது. நந்தா விளக்கு என்னும் சொல்லுக்கு இதுவே உண்மைப் பொருள் என்க.

நம் கடன்

தமிழ் கற்கும் நாம் சமணர்க்குப் பட்ட கடன் பெரிது. நன்னூல் இயற்றிய பவணந்தியும், யாப்பருங்கலக் காரிகை இயற்றிய அமிதசாகரரும், சீவக சிந்தாமணி பாடிய திருத்தக்கதேவரும் அச்சமயத்தாரே. சிந்தாமணியைப் பதிப்பிக்கப் புகுந்த உ. வே. சாமிநாதையர், நூலிற் புரியாத சமயக் கருத்துக்களைக் கும்பகோணத்துச் சமணரிடம் சென்று கேட்டறிந்தார். நூல் 1887இல் வெளிவந்தது. கிறித்தவத் தொண்டராகிய போப்பையர் சமண முனிவர் பாடியனவாகக் கூறப்படும் நாலடியாரை ஆங்கிலத்திற் பெயர்த்து 1893இல் வெளியிட்டார். முன்னவர் சைவர், பின்னவர் கிறித்தவர். பிறர் சமயத்து நூலைக் கற்றதனால் இருவர்க்கும் தம் சமயத்திற் குறைவு நேர்ந்ததில்லை. தமிழுக்கோ நிறைவு நேர்ந்தது.

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, வடநாட்டினின்று வந்தோரையும் சேர்த்துத் தமிழ்நாட்டுச் சமணர் தொகை ஒரு நூறாயிரத்துக்கும் குறைவு. தமிழையே தாய்மொழியாகக் கொண்ட சமணருட் பலர் நயினார் என்னும் பட்டத்தோடு ஆரணி, போளூர், வந்தவாசிப் பகுதிச் சிற்றூர்களில் வாழ்கின்றனர். திருமலையில் 1998இல் ஒரு சமண மடமும் நிறுவப்பட்டது. ஆகவே, சிந்தாமணி செத்தோர் சமயத்து நூலன்று. நம் அண்டை வீட்டார் சமயத்து நூல். இதனை உணராது பாடம் படித்துத் தேர்வெழுதுதல் அரைக்கல்வியேயாம்.

திருமலைக்குச் செல்வோர் சில நெறிகளைக் கைக்கொள்ளல் நன்று. காலணியை நீக்கி, உரத்த குரலைத் தவிர்த்து, தொழுவார்க்கு வழிவிட்டு நிற்க. ஓவியத்தின்மேற் கை வைக்கற்க. கைப்படுதலே பழஞ்சுதைக்குப் பகையாகும். கல்லிலும் சுவரிலும் தம் பெயரைக் கீறுதல் பெருங்கேடு. சாமுண்டப்பையார் பெயர் அங்கே நிற்பது அவர் கொடுத்தமையால். கொடாதார் பெயர் அங்கே நிற்றற்கு உரிமை யாது? மேலும், புறப்படுமுன் கல்வெட்டுத் தொகுதியைக் கல்லூரி நூல்நிலையத்தில் ஒருமுறை படித்துச் செல்க. படியாது சென்றவர்க்கு அது வெறும் பாறை. படித்துச் சென்றவர்க்கு அஃது ஆயிரம் ஆண்டு பேசும் நாவு.

சமய உறுதியுடைய கிறித்தவ மாணவன் ஒருவன் அம்மலையில் தொழான். ஆயினும் நன்றி கூறுதல் அவனுக்கும் கடனே. மொழியைப் பேணித் தந்தோர்க்கும், நீர்வாய் கட்டினோர்க்கும், பிறர் செய்த அறத்தைப் பழுதுபார்த்துக் காத்தோர்க்கும் அந்நன்றி உரியது. நம் முன்னோர் ஏற்றிய விளக்குக்கு நெய் வார்ப்பது அவர் காலத்து அறம். அவர் எழுதிய எழுத்தை மறவாது கற்பதும், அழியாது காப்பதும் நம் காலத்து அறம்.